மலைக்குளிரில் ஸ்லோ குக்கர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

குறைந்த சூட்டில் பல மணி நேரம் சமைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமிருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சமவெளிக்காரர்களுக்கு வராத சிக்கல்களே அவற்றில் பாதி. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் மலை வாசகர்களுக்கே.

ராத்திரி ஊறவைத்த ராஜ்மாவைக் காலை ஏழு மணிக்கு ஸ்லோ குக்கரில் 'லோ'வில் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து பார்த்தால் தோல் சுருங்கி, உள்ளே மாவாக, கடித்தால் நறுக்கென்கிறது. குக்கரில் கோளாறா?
— வாசகி, ஊட்டி

குக்கரில் கோளாறு இல்லை. நல்லவேளை, அதைச் சாப்பிடாமல் விட்டீர்கள் என்று நம்புகிறோம்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கிவிடும். சென்னையில் 100 டிகிரியில் தளதளக்கும் தண்ணீர் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93-ஐ ஒட்டியும், குன்னூர், கோத்தகிரியில் 94-ஐ ஒட்டியும் கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஸ்லோ குக்கரின் மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. ஆகவே அதற்கும் அதே வரம்புதான். 'லோ'வில் அந்த வரம்பைத் தொடுவதற்கே பாதி நாள் போய்விடும்.

இறைச்சிக்கு இது பெரிய குறையில்லை. சவ்வும் ஜவ்வும் 70 டிகிரிக்கு மேலேயே மெல்லக் கரையத் தொடங்கும், நேரம் கொடுத்தால் போதும். பயறும் காய்கறியும் அப்படியல்ல. அவற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகத் தொடங்கவே 85 டிகிரிக்கு மேல் வேண்டும், சூடு ஏற ஏறத்தான் வேகமாக இளகும். 93-க்கும் 100-க்கும் நடுவிலுள்ள அந்த ஏழு டிகிரிதான் உங்கள் ராஜ்மாவைக் கெடுத்தது. வெளிநாட்டுச் செய்முறையில் தக்காளியை முதலிலேயே போடச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். புளிப்பு பயறின் தோலை இறுக்கிவிடும்.

வேகாததைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து விதை அரைவேக்காடாக உள்ளே போனாலே மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். 80 டிகிரிச் சூட்டில் மட்டும் வெந்தால் அந்த நஞ்சு பச்சை விதையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை கூடும் என்று உணவுப் பாதுகாப்பு நூல்கள் எச்சரிக்கின்றன. சமவெளியில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்தால் நஞ்சு முறிந்துவிடும். சிலர் பாதுகாப்புக்காக அரை மணி என்பார்கள். மலையில் அந்தக் கொதியே 93-இல் நின்றுவிடுவதால், வழி ஒன்றுதான்: பிரஷர் குக்கர். ஊட்டியிலும் விசில் வரும்போது குக்கருக்குள் சுமார் 116, 117 டிகிரி இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கப் ராஜ்மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவையுங்கள். மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் நடுப்பகுதி ஊறாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் மூன்று கப் ஊற்றி, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். ஆவி தானாக அடங்கியதும் ஒரு விதையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் 5 நிமிடம். நன்றாக நசுங்கியபின்தான் வதக்கிய வெங்காயம், தக்காளி, மசாலாவோடு ஸ்லோ குக்கரில் 'ஹை'யில் இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் மசாலா உள்ளே இறங்கும். ஸ்லோ குக்கரிடம் ருசியைக் கேளுங்கள், பயறை வேகவைக்கக் கேட்காதீர்கள்.

கொண்டைக்கடலை, மொச்சை, காய்ந்த பட்டர் பீன்ஸ், துவரம்பருப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஸ்லோ குக்கரை மட்டும் நம்பினால் மலையில் அவை மசியவே மசியாது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். எந்த அளவு வாங்கலாம்? திருகும் குமிழ் உள்ளதா, டிஜிட்டலா?
— வாசகர், குன்னூர்

நாலு பேருக்கு 3.5 லிட்டர். இரண்டு பேர் மட்டுமென்றால் 1.5 லிட்டர் போதும். ஆறேழு பேர், அல்லது முழுக் கோழியை அப்படியே வைப்பவர்கள் 6 லிட்டரில் நீள்வட்டமாக வாங்கலாம். விருந்தாளிகள் வருவார்கள் என்று பெரியதாக வாங்கிவைக்காதீர்கள். பானையில் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மிகாமலும் இருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். சூடேற்றும் சுருளும் பட்டையும் பெரும்பாலும் அடியில் இல்லை, பானையைச் சுற்றிப் பக்கவாட்டில் இருக்கின்றன. கால் பானை மட்டும் இருந்தால் ஓரம் பிடித்துக்கொள்ளும். விளிம்புவரை நிரப்பினால் நடுப்பகுதி சூடேறுவதற்குள் கிருமி பெருகிவிடும்.

அடுத்து வாட். கடையில் நிறத்தையும் மூடியையும் பார்க்கிறவர்கள், குக்கரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்ப்பதில்லை. மலைக்கு லிட்டருக்கு 50 முதல் 60 வாட் இருக்கட்டும். 3.5 லிட்டருக்கு 200 வாட் என்றால் சரி. அதே அளவில் 160 வாட் என்று எழுதியிருந்தால் விலை மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சமையலறையே 12 டிகிரியில் இருக்கும் டிசம்பர் இரவில் அது திணறும்.

குமிழா, டிஜிட்டலா என்றால் எங்கள் வாக்கு, வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்துக்குக் குமிழ். மின்சாரம் போய்த் திரும்பினால் குமிழ் வைத்தது தானாக மறுபடி ஓடும். டிஜிட்டலில் பெரும்பாலானவை அணைந்தே கிடக்கும். ஆனால் காலையில் போய் மாலையில் வருகிறவர்களுக்கு டிஜிட்டலில் ஒரு நன்மை உண்டு. நேரம் முடிந்ததும் சூட்டை மட்டும் காக்கும் 'வார்ம்'க்கு மாறிவிடும், கோழி கூழாகாது. மின்வெட்டைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது, அதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பானை பீங்கானாக இருந்தால் சூடு நின்று பரவும். ஆனால் அதை அடுப்பில் வைக்கக்கூடாது. சில மாடல்களில் உலோகப் பானை வரும். அதிலேயே கேஸில் வெங்காயம் வதக்கி, அப்படியே தூக்கிக் குக்கரின் வெளிக்கூட்டில் வைக்கலாம். நம் சமையலுக்கு அது வசதி. மூடி கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டும். உள்ளே பார்க்க முடியாத மூடியைத் திறந்து திறந்து பார்க்கத் தோன்றும். ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்ப 20, 30 நிமிடம் ஆகும்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். முக்கால் பானை குழாய்த் தண்ணீர், மூடி, 'லோ', எட்டு மணி நேரம். திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 85-க்கு மேல் காட்டினால் நல்லது. காட்டாவிட்டால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றுங்கள்.

மட்டன் குழம்பு வைத்தால் தண்ணீராக நிற்கிறது. இஞ்சி பூண்டு பச்சை வாசனை போகவில்லை. கறி மட்டும் பஞ்சாக வெந்திருக்கிறது. மாமியார் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்கிறார்.
— வாசகி, கோத்தகிரி

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாணலி செய்யும் வேலையை ஸ்லோ குக்கர் செய்யாது. பச்சை வாசனை போவதும், வெங்காயம் சிவப்பதும், மல்லித்தூள் மணப்பதும் 100 டிகிரிக்கு மேலே எண்ணெயில் நடப்பவை. 93 டிகிரித் தண்ணீரில் பத்து மணி நேரம் கிடந்தாலும் நடக்காது.

முக்கால் கிலோ ஆட்டுக்கறிக்குக் கணக்கு சொல்கிறோம். தொடையைவிட முன்கால் சப்பை எடுங்கள். ஜவ்வு அதிகம் உள்ள இடம்தான் இதில் நன்றாக வரும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பட்டை, கிராம்பு தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். பட்டை, கிராம்பு வழக்கத்தில் பாதி போதும், நீண்ட நேரத்தில் தூக்கலாகிவிடும். இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டாக இருந்தால் அளவைக் குறையுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் காரமே தனி. பிறகு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். கடைசியாகக் கறியைப் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றும்வரை பிரட்டுங்கள். இதற்கு 20 நிமிடம் ஆகும். இந்த 20 நிமிடத்தைத் தவிர்க்க நினைத்தால் மாமியாரைச் சமாளிக்க முடியாது.

ஸ்லோ குக்கரில் ஆவி போகாததால் வழக்கமாக மூன்று கப் ஊற்றும் இடத்தில் ஒன்றரை கப், அதுவும் கொதிக்கும் தண்ணீர். முதல் ஒரு மணி நேரம் 'ஹை', பிறகு 'லோ'வில் எட்டு மணி நேரம். தேங்காய், கசகசா அரைத்ததைக் கடைசி முக்கால் மணியில் 'ஹை'யில் சேருங்கள். அப்போதும் நீர்த்திருந்தால் கடைசி அரை மணி மூடியை எடுத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலை முதலில் ஊற்றினால் திரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். அணைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஊற்றுவதே சரி. கறிவேப்பிலைத் தாளிப்பும் கொத்தமல்லியும் பரிமாறும்போது.

ஊட்டி உருளையோ கேரட்டோ சேர்ப்பதானால் கறிக்கு அடியில், பானையின் ஓரத்தை ஒட்டிப் போடுங்கள். கிழங்குதான் கறியைவிடத் தாமதமாக வேகும். இதைக் கேட்டுப் பலர் நம்புவதில்லை. பெக்டின் காரணத்தை முதல் பதிலில் சொல்லியிருக்கிறோம். துண்டு ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் "லோவில் 6 மணி" என்றிருந்தால் நாங்கள் எத்தனை மணி வைப்பது?
— வாசகி, கொடைக்கானல்

ஒரு மணிக்கு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள், அதாவது ஒன்பது மணி. நேரமில்லை என்றால் 'ஹை'யில் நாலரை, ஐந்து மணி. 'லோ', 'ஹை' இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும், எவ்வளவு சீக்கிரம் சேருகிறது என்பதே வித்தியாசம். பிராய்லர் கோழிக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். அது 'லோ'வில் நாலு, நாலரை மணியிலேயே எலும்பை விட்டுவிடும். நாட்டுக்கோழிக்கு எட்டு மணி கொடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கி பல்பு மங்குகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டே போய்விடும். ஸ்லோ குக்கரை நம்பலாமா?
— வாசகர், கேத்தி

வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சூடு நிறைய இறங்கும். 230 வோல்ட்டில் 200 வாட் கொடுக்கும் குக்கர் 180 வோல்ட்டில் 122 வாட்தான் கொடுக்கும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். எனவே மாலையில் தொடங்காதீர்கள். காலையில் தொடங்குங்கள், அல்லது இரவு பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கியபின் வையுங்கள். தொடக்கத்தில் போடும் தண்ணீரும் மசாலாவும் கொதிநிலையில் இருக்கட்டும். பானையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீராலும் பிறகு சுடுதண்ணீராலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

மின்வெட்டுக்கு ஒரு விதி. உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. நன்றாகக் கொதித்த பானை மூடியோடு இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் சூட்டைத் தாங்கும். நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே கேஸில் வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சமையலை முடித்துவிடலாம். வெளியில் இருந்தால்தான் சங்கடம். குமிழ் மாடல் கரண்ட் வந்ததும் மறுபடி கொதித்துக்கொண்டிருக்கும், நடுவில் நாலு மணி நேரம் ஆறிக் கிடந்தது தெரியவே தெரியாது. மறுபடி கொதித்தாலும் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு அழியாது. அதே மின் இணைப்பில் மைக்ரோவேவ் இருந்தால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள், அழிந்து பூஜ்யம் காட்டினால் கரண்ட் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தெரியவில்லையென்றால், கறி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் மொத்தமே சுமார் 1.8 யூனிட்தான். 200 வாட் குக்கர் எட்டு மணியில் 1.6 வரை குடிக்கும். விளக்கும் இருக்காது, குழம்பும் முடியாது.

டைமர் பிளக் போட்டு, காலையில் கறியை வைத்துவிட்டுப் பகல் 12 மணிக்கு ஓடவைக்கலாமா? குளிர்தானே?
— வாசகி, குன்னூர்

கூடாது. சமையலறைக் குளிர் 15 டிகிரி என்றால் அது ஃபிரிட்ஜ் ஆகிவிடாது.

மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது 'க்ராக்-பாட்' என்ற ஸ்லோ குக்கர் ஒன்று கொண்டுவந்தான். பிளக்கை மாற்றிப் போட்டால் போதுமா?
— வாசகர், கொடைக்கானல்

தயவுசெய்து சொருகிவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் சொருகினால் சூடு மூன்றரை மடங்குக்கு மேல் போய்ச் சுருள் கருகும், பானை விரிசல் விடும், தீப்பிடிக்கவும் செய்யலாம். பிளக் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 250 வாட் குக்கருக்கு 500 வி.ஏ. அளவில் வாங்குங்கள், பத்து மணி நேரம் தொடர்ந்து ஓடவேண்டுமே.

க்ராக்-பாட் வந்த கதையையும் கேட்டிருக்கிறீர்கள். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை பெற்ற மின்பானைதான் மூலம். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971-இல் 'க்ராக்-பாட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. நாக்சனின் பானை முதலில் பயறு வேகவைக்கத்தான் விற்கப்பட்டது. சமவெளியில் அது சரி, ராஜ்மாவை மட்டும் முதலில் தளதளவெனக் கொதிக்கவைத்துக்கொள்ளவேண்டும்.

எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரில் 'ஸ்லோ குக்' பொத்தான் இருக்கிறதே, தனியாக ஒன்று வாங்கவேண்டுமா?
— வாசகி, ஊட்டி

மலையில் இருப்பவர் ஒன்றே ஒன்றுதான் வாங்குவார் என்றால், எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரையே வாங்கச் சொல்வோம். பயறுக்கும் பருப்புக்கும் அழுத்தம் வேண்டும், அது அதில் இருக்கிறது. ஆனால் அதன் ஸ்லோ குக் வசதி சுமார்தான். சூடு அடியிலிருந்து மட்டுமே வரும். பல மாடல்களில் குறைந்த நிலை வெறும் சூடு காப்பதற்கு ஒப்பானது. உயர்ந்த நிலையை மட்டும் பயன்படுத்துங்கள், ஆவி வால்வைத் திறந்து வையுங்கள். பாயா, எலும்பு சூப் அடிக்கடி வைக்கும் வீட்டுக்குத் தனி ஸ்லோ குக்கர் வீணாகாது.

அப்படியானால் ஆட்டுக்கால் பாயாவுக்கு அளவு சொல்லுங்கள்.
— வாசகர், கோத்தகிரி

தீயில் வாட்டிச் சுரண்டி, துண்டு போட்ட நாலு கால். தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். வாசனை போவது இந்தப் படியில்தான். வதக்கிய வெங்காயம் இரண்டு, தட்டிய இஞ்சி இரண்டு அங்குலம், பூண்டு எட்டுப் பல், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, ஒன்றே கால் லிட்டர் கொதிநீர். 3.5 லிட்டர் பானை, 'ஹை' இரண்டு மணி, 'லோ' பத்து மணி. இரவு எட்டு மணிக்கு வைத்தால் காலை எட்டுக்கு இட்லியோடு தயார். கேத்தி வாசகர் போல மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்க்காரர்கள் பத்து மணிக்கு வைத்து மதியத்துக்கு எடுக்கலாம். உப்பும், புதிதாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டியும் கடைசியில். ஆறினால் ஜெல்லிபோல் உறையும். உறைந்தால் பதம் சரி.

தயிர் உறைவதே இல்லை. 'வார்ம்'இல் வைத்தால் பன்னீர்போல் திரிந்துவிட்டது.
— வாசகி, பூம்பாறை

'வார்ம்' என்பது 60 டிகிரிக்கு மேல். உறைமோரிலுள்ள நுண்ணுயிர் 50-ஐத் தாண்டினாலே சோர்ந்துவிடும். அதற்கு வேண்டியது 43, 45 டிகிரி, சுத்தமான விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கக்கூடிய சூடு. ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி அந்தச் சூட்டுக்கு ஆறவிட்டு, குளிர்காலத்தில் இரண்டு மேசைக்கரண்டி புளிக்காத தயிர் கலந்து எவர்சில்வர் பாத்திரத்தில் மூடுங்கள். ஸ்லோ குக்கர் பானையில் அதே சூட்டில் தண்ணீர் பாதி உயரத்துக்கு ஊற்றி, பாத்திரத்தை உள்ளே இறக்கி, மூடி, சுவிட்சை அணைத்தே வைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். எட்டு மணி நேரம் அசைக்காதீர்கள். கனமான பீங்கான் சூட்டைப் பிடித்துவைப்பதுதான் இங்கே வேலை, கரண்ட் இல்லை.

இட்லி மாவுக்கும் இதுவே வழி. தண்ணீர் 35 டிகிரி போதும், 12 மணி நேரம்.

கரண்ட் பில் எகிறுமா?
— வாசகர், குன்னூர்

200 வாட் குக்கரில் எட்டு மணிச் சமையல் ஒருமுறைக்கு அதிகபட்சம் 1.6 யூனிட். வாரம் இரண்டு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு 28 யூனிட்டுக்குள். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டையும் வைத்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு மிச்சம் பிடிக்க இதை வாங்காதீர்கள். கேஸில் பிரஷர் குக்கர் அரை மணியில் முடிப்பதைவிட இது மலிவாகிவிடாது.

மழைக்காலத்தில் குக்கரை அலமாரியில் வைத்து இரண்டு மாதம் கழித்து எடுத்தேன். சுவிட்ச் போட்டதும் வீட்டில் டிரிப் ஆகிறது. பானையிலும் பூஞ்சை வாடை.
— வாசகி, கோத்தகிரி

கூட்டுக்குள் ஈரம் புகுந்து மின்சாரம் கசிகிறது. டிரிப் ஆவது உங்கள் உயிரைக் காப்பதற்கு, அதை விலக்கிவிட்டு ஓட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, பானையை எடுத்துவிட்டு, கூட்டை இரண்டு நாள் வெயிலில் அல்லது அடுப்புக்கு அருகே உலர்ந்த இடத்தில் கவிழ்த்து வையுங்கள். பிறகும் டிரிப் ஆனால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மூன்று பின் பிளக்கும் எர்த் உள்ள சாக்கெட்டும் கட்டாயம். பானைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஒரு இரவு. குளிர்ந்த பானையில் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினாலும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சூடான கூட்டில் வைத்தாலும், சூடான பானையை ஈரக் கடப்பாக்கல் மேல் இறக்கினாலும் பீங்கான் விரியும். வெதுவெதுப்பில் தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். மயிரிழை விரிசல் கண்டால்கூட அந்தப் பானையில் சமைக்கவேண்டாம். இனி எடுத்துவைக்கும்போது மூடியைத் தலைகீழாகப் போட்டு, இடையில் ஒரு துணி வைத்து, காற்றுப் போகும்படி விடுங்கள்.